பெயர் மாறும் பாம்புகள்

ராஜநாகம் என்று நாம் வழங்கிவரும் பெருஞ் சர்ப்பம் ஓர் இனமன்று, நான்கு தனி இனங்கள் என்று 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்திரநீல் தாஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் விரிவானதொரு கட்டுரையின் வாயிலாக அறிவித்தபோது, அந்தச் செய்தியைப் பத்திரிகைகளில் வாசித்தவர்களிற் சிலர் வியந்தார்கள், சிலர் சலித்துக்கொண்டார்கள். பாம்பு அதே பாம்பாக இருக்கிறது, அது வாழும் காடும் அதே காடாக இருக்கிறது, அப்படியிருக்க நேற்று வரையில் ஒன்றாக இருந்தது இன்று காலையில் நான்காகிவிட்டதென்றால், நேற்றுச் சொன்னது பிழையா, இன்று சொல்வது பிழையா என்பது சலித்துக்கொண்டவர்களுடைய கேள்வி. அதனை அறியாமையின் விளைவென்று ஒதுக்கிவிடுவது சாஸ்திரக்காரர்களுக்கு எளிது, ஆனால் நியாயமன்று. ஒரு பெயர் மாறும்போது பாடப்புத்தகம் திருத்தப்பட வேண்டியிருக்கிறது; காட்சிசாலையின் பெயர்ப்பலகை பழையதாகிவிடுகிறது; சட்டத்தின் அட்டவணையிலே ஒரு பெயரும் ஆராய்ச்சி நூலிலே வேறொரு பெயருமாக நின்று வன அதிகாரியைத் தடுமாற வைக்கின்றன; விஷமுறிவு மருந்தைப் பற்றிப் படிக்கும் வைத்தியர், பழைய கட்டுரையிற் சொல்லப்பட்ட பாம்பு தம் ஊர்ப் பாம்புதானா என்று தெரியாமல் திகைக்கிறார். இத்தனை பேருக்கு இத்தனை தொல்லை கொடுக்கும் ஒரு வழக்கத்திற்குத் தக்க காரணம் உண்டா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

காரணம் உண்டு என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் எல்லா மாற்றங்களுக்கும் ஒரே காரணமில்லை; எல்லாக் காரணங்களும் சமமான மதிப்புடையனவுமல்ல. பெயரிடுவதற்கென்று வகுத்துக்கொண்ட சட்டத்தின் பொருட்டு நிகழும் மாற்றம் ஒன்று. இதுகாறும் அறியாத ஒன்றைக் கண்டறிந்ததனால் நிகழும் மாற்றம் வேறொன்று. ஒழுங்குபடுத்த வந்தவருடைய ருசியை ஒட்டி நிகழும் மாற்றம் இன்னொன்று. வெளியே நின்று பார்ப்போருக்கு இவை மூன்றும் ஒன்றுபோலவே தோன்றுவதனால், பொறுத்துக்கொள்ள வேண்டியதையும், வரவேற்க வேண்டியதையும், கூடுமானவரையில் தடுக்க வேண்டியதையும் அவர்கள் வேறுபாடின்றி வைதுவிடுகிறார்கள்.

பாம்புகளை வகுத்துப் பார்க்கும் முயற்சி மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையின் கல்பஸ்தானம் பாம்புகளை 80 வகையாகக் கணக்கிட்டு, படமெடுக்கும் தர்வீகரங்கள், வட்டங்களையுடைய மண்டலிகள், கோடுகளையுடைய ராஜிமந்தங்கள், விஷமற்ற நிர்விஷங்கள், கலப்பிற் பிறந்த வைகரஞ்சங்கள் என ஐந்து வர்க்கங்களில் அடக்குகிறது. கடிபட்டவன் சொல்லும் அடையாளத்தைக் கேட்டு விஷத்தின் போக்கை ஊகிக்க வேண்டிய வைத்தியனுக்காக ஏற்பட்ட வகைப்பாடு அது; அந்த நோக்கத்துக்கு அது பொருந்தியும் இருந்தது. நம் கிராமத்து வகைப்பாட்டுக்கு அத்தகைய பிரயோஜனம் கூட எப்போதும் இருந்ததில்லை. சாரையும் நாகமும் பிணைகின்றன, அவற்றில் சாரையே ஆண் என்று இன்றும் நம்பிக்கொண்டிருப்போர் எத்தனையோ பேர். வயல்வரப்பிலே உடலை நிமிர்த்தி ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்கும் அவ்விரண்டும் சாரையின் ஆண்களே. பெண்ணின் பொருட்டு அவை நடத்தும் மல்யுத்தத்தைத்தான் நாம் கலவி என்று எண்ணிக் கைகூப்புகிறோம்.

இந்த நம்பிக்கையைக் கேட்டு நகைப்பவர்கள், விலங்குகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் நாகத்தையும் சாரையையும் எங்கே வைத்தார் என்பதையும் சிறிது கவனிக்க வேண்டும். 1758ஆம் ஆண்டில் வெளிவந்த சிஸ்டமா நாத்தூரே என்னும் அவருடைய நூலின் பத்தாம் பதிப்பில், வயிற்றிலும் வாலின் அடியிலும் உள்ள செதில்களின் அமைப்பே பாம்புகளைப் பிரிக்கும் பிரதானமான அளவுகோலாக இருந்தது. வயிற்றில் அகன்ற தகடுகளும் வாலின் அடியில் இரட்டை வரிசையாகச் செதில்களும் உடையவையெல்லாம் கொலூபர் என்னும் ஒரே பேரினம். வாலடியிலும் பிளவுபடாத தகடுகளை உடையவை போவா. இதன் பயனாக, நாகமும் சாரையும் மாத்திரமல்ல, மலைப்பாம்பும் கொலூபராயிற்று. வாலடித் தகடுகள் பிளவுபடாத கட்டுவிரியனுக்கோ, 1801இல் ஷ்னைடர் பெயரிட்டபோது, போலிப் போவா என்று பொருள்படும் சூடோபோவா என்ற பெயர் வாய்த்தது. உயிரைக் கொல்லும் பாம்பு போவாவின் சாயலிலும், விஷமே இல்லாத மலைப்பாம்பு நாகத்தின் பந்தியிலும் அமர்ந்த காலம் அது. கால்களற்ற பல்லிகளும், பாம்பே அல்லாத சிசிலியன் முதலிய நிலநீர் வாழ்வனவும்கூட அந்தக் காலத்தில் பாம்புகளென்றே எண்ணப்பட்டன. லின்னேயஸ் மந்தமதியர் அல்லர். அயல்நாடுகளிலிருந்து சாராயப் புட்டிகளில் வந்துசேர்ந்த உடல்களைக் கொண்டு, விரைவில் எண்ணிப் பார்க்கக்கூடிய லட்சணம் எதுவோ அதைப் பற்றிக்கொண்டார். தோற்றத்தில் ஒத்திருப்பவை உறவினால் ஒத்திருக்க வேண்டும் என்னும் கவலை அவருக்கு இல்லை. டார்வினுக்கு நூறாண்டு முற்பட்டவருக்கு அந்தக் கவலை எப்படி வரும்?

நம் நாட்டுப் பாம்புகளின் சாஸ்திரப் பெயர்களிற் பல பிறந்த விதமும் விசித்திரமானதே. விசாகப்பட்டினத்திலே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சேவையில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், சோழமண்டலக் கரையிலே சேகரித்த பாம்புகளை வர்ணமிட்ட படங்களோடு வர்ணித்து 1796இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அவற்றுக்கு லத்தீன் பெயர் சூட்டுவதில் அவர் பெரிதும் நாட்டங் கொள்ளவில்லை. அவ்வூர் மக்கள் வழங்கிய தெலுங்குப் பெயர்களையே தம் காதுக்குக் கேட்டபடி எழுதிவைத்தார். லத்தீன் பெயர்களைச் சூட்டியவர்கள், இந்தியாவை ஒருநாளும் கண்டறியாத ஷா, ஷ்னைடர், தௌதன் முதலிய ஐரோப்பியர்கள். அவர்களிற் சிலர் பாம்பின் உடலையும் பாராமல், ரஸ்ஸலின் படத்தையே பார்த்துப் பெயரிட்டார்கள். தண்ணீர்ப் பாம்பும் வீட்டுத் தொட்டிகளில் நெளியும் புழுப்பாம்பும் அப்படிப் பெயர் பெற்றவையே. ரஸ்ஸலுக்குத் தரங்கம்பாடியிலிருந்து உதவியவர்களில் ஒருவர் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஸாமுவேல் ஜான் பாதிரியார். மண்ணுளிப் பாம்பு என்றும் இருதலைப் பாம்பு என்றும் நாம் சொல்லும் சாதுவான ஜந்துவின் சாஸ்திரப் பெயரான எரிக்ஸ் ஜான்னியை என்பதில் இன்றளவும் விளங்குவது அவருடைய பெயர்தான்.

இவ்வாறு பல தேசங்களில், பல கைகளால், ஒருவர் செய்ததை மற்றொருவர் அறியாமலே பெயர்கள் குவிந்தமையால், ஒரு பாம்புக்கு ஐந்தாறு பெயர்களும் ஒரே பெயரில் இரண்டு மூன்று பாம்புகளும் ஏற்பட்டன. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே விலங்குப் பெயரிடலுக்குச் சர்வதேச விதிகள் வகுக்கப்பட்டு, அவற்றைக் காப்பதற்கு ஓர் ஆணையமும் ஏற்பட்டது. விதிகளின் சாரம் இரண்டே: 1758 முதல் முறைப்படி முதலில் வெளியிடப்பட்ட பெயரே செல்லும் என்பது ஒன்று, ஒவ்வொரு பெயரும் ஒரு குறிப்பிட்ட மூலமாதிரியோடு, அதாவது பெயரிட்டவர் ஆதாரமாகக் கொண்ட உடலோடு, பிணைக்கப்பட்டிருக்கும் என்பது மற்றொன்று. கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கும்போது, பழைய வீடு எவர் பங்கில் விழுகிறதோ அவரிடத்திலேயே வீட்டின் பழைய பெயரும் தங்கிவிட, மற்றப் பங்காளிகள் புதுப்பெயர் தேடிக்கொள்வதை ஒத்தது இது. ஓர் இனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டால், மூலமாதிரி எந்தப் பகுதியைச் சேர்ந்ததோ அந்தப் பகுதிக்கே பழைய பெயர் உரியது. எஞ்சிய பகுதிக்கு, முன்னரே எவராவது பெயரிட்டிருந்தால் அந்தப் பெயரும், இல்லையேல் புதுப்பெயரும் வழங்கவேண்டும்.

நம் தோட்டத்துப் பச்சைப் பாம்புக்கு நேர்ந்தது இதுதான். 1789இல் லசெப்பேட் சூட்டிய நசூட்டா என்ற பெயரால், இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள கூர்மூக்குப் பச்சைப் பாம்புகளை எல்லாம் ஒன்றாக எண்ணி வந்தார்கள். 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இலங்கைப் பாம்பு வேறு, இந்தியச் சமவெளிப் பாம்பு வேறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளில் உள்ளவை வெவ்வேறு என்று பிரித்து, ஐந்து புதிய இனங்களையும் பெயரிட்டது. நசூட்டா என்ற பெயர் இலங்கைப் பாம்புக்கே உரியதாகி அங்கேயே தங்கிவிட, சென்னைக்கருகே வேலியிற் படுத்திருக்கும் பாம்புக்கு 1825இல் தாமஸ் பெல் சூட்டியிருந்த ஆக்ஸிரிங்கா என்னும் பழம்பெயர் மீண்டும் வந்தது. வேலிப்பாம்பிடத்தில் யாதொரு மாறுதலும் இல்லை. அதற்கு இத்தனை காலம் இரவற்பெயர் வழங்கிவந்தது என்பதே தெளிந்தது.

சட்டம் சட்டமாக இருப்பதனால் சில வேளைகளில் நகைப்புக்கும் இடமாகிறது. உரோபெல்டிஸ் சிலானிகா என்று குவியே 1829இல் பெயரிட்ட கேடயவால் பாம்பு, பெயரைக் கேட்டால் இலங்கையைச் சேர்ந்தது போலத் தோன்றும். அது வாழ்வதோ மேற்குத் தொடர்ச்சி மலையில் மாத்திரமே. இலங்கையிலிருந்து வந்ததென்று எவரோ தவறாகக் குறித்துவைத்ததே காரணம். பொருந்தாத பெயர் என்பதற்காக ஒரு பெயரைத் தள்ள விதி இடங்கொடாமையால், அது சிலானிகாவாகவே இருந்துவருகிறது. இன்னும் விநோதம், சேர்வராயன் மலையிலே கிடைத்த ஒரு கேடயவால் பாம்பை, சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் 1863இல் ஷார்ட்டியை என்று தனியினமாகப் பெயரிட்டிருக்க, பின்வந்த பட்டியல்காரர்கள் அதனையும் இந்தச் சிலானிகாவிலேயே கரைத்துவிட்டார்கள். 2014இல் கணேஷ் முதலியோர் செதில்களையும் நிறத்தையும் மீண்டும் ஒப்பிட்டு, பெட்டோம் சொன்னதே சரியென்று அதற்குத் தனியிடம் கொடுத்தார்கள். ஏற்காட்டு மண்ணுக்கடியில் வாழும் ஒரு ஜீவன் நூறாண்டுக்கு மேலாகத் தன் பெயரை இழந்து, பின்னர் பெற்றது. இதைப் புதுமை என்பதா, பழமை என்பதா?

எழுத்துப் பிழைகளும் இலக்கணமும் வேறு. கண்ணாடி விரியனுக்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டிய ஷா, அதில் ஓர் எழுத்தை ஒற்றையாக எழுதினார்; பின்னர் வந்தவர்கள் ரஸ்ஸலின் பெயரிலுள்ளபடியே அதை இரட்டையாக்கித் திருத்தினார்கள்; 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரை ஒற்றை எழுத்தே சரியென்று வாதித்தது. சாரைப் பாம்பின் பேரினப் பெயர் பெண்பாற் சொல் என்று 2004இல் பாட்ரிக் டேவிட், இந்திரநீல் தாஸ் ஆகிய இருவர் எடுத்துக்காட்டியதனால், முகோஸஸ் என்றிருந்தது முகோஸா ஆயிற்று. இத்தகைய திருத்தங்களால் பாம்பைப் பற்றிய நம் அறிவு ஒரு கடுகளவும் வளர்வதில்லை. ஆனால் உலகம் முழுவதும் ஒரே பெயரை வழங்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் இந்தக் கணக்கையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆகையால் இவ்வகை மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

வரவேற்கத்தக்கது என்று நான் சொன்ன மாற்றத்துக்கு நாகத்தைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் இல்லை. காஸ்பியன் கடற்புறத்திலிருந்து பிலிப்பைன் தீவுகள் வரையில் உள்ள ஆசிய நாகங்கள் யாவும் ஒரே இனத்தின் கிளைகள் என்பதே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழங்கிய கொள்கை. பழைய வைத்திய நூல்களில் நாஜா டிரிபூடியன்ஸ் என்றும், பின்னர் நாஜா நாஜா என்றும் அவை அனைத்தும் ஒரே பெயரால் குறிக்கப்பட்டன. படத்திலுள்ள அடையாளத்தைக் கொண்டு அவற்றைக் கிளைகளாகப் பிரித்தார்கள்: மூக்குக்கண்ணாடி போன்ற இரட்டைக் குறியுடையது ஒன்று, ஒற்றை வளையமுடையது ஒன்று, குறியே இல்லாதது ஒன்று என்று. நிறமும் குறியும் பாம்புகளிடத்தில் நம்பத்தகாத சாட்சிகள்; ஒரே ஊரில் பிறந்த நாகங்களிலேயே அவை மாறுபடும். 1980களின் இறுதியிலிருந்து வுல்ஃப்காங் வூஸ்டர், ரோஜர் தார்ப் ஆகியோர் பல காட்சிசாலைகளிலிருந்த உடல்களை எடுத்து, வயிற்றுத் தகடுகளின் தொகை, படத்தைச் சுற்றியுள்ள செதில் வரிசைகளின் தொகை முதலிய பல லட்சணங்களை ஒருசேரக் கணித்துப் பார்த்தபோது, ஒரே இனமென்று எண்ணப்பட்டது பல தனி இனங்களாகப் பிரிந்து நின்றது. வயிற்றுத் தகட்டை எண்ணுவது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: பாம்பின் ஒவ்வொரு வயிற்றுத் தகடும் ஏறக்குறைய ஒரு முதுகெலும்புக் கணுவுக்கு நேராக அமைந்தது, எனவே தகட்டை எண்ணுபவன் உடலை அறுக்காமலே எலும்பை எண்ணுகிறான்.

வங்காளத்திலே கண்ணாடிக் குறி நாகமும் ஒற்றை வளைய நாகமும் ஒரே பிரதேசத்தில் வாழ்ந்தும் ஒன்றோடொன்று கலந்து கரைந்துவிடவில்லை. இயற்கையில் தம்முள் இனப்பெருக்கம் செய்வனவும் பிறவற்றோடு செய்யாதனவுமான கூட்டமே ஓரினம் என்று 1942இல் எர்ன்ஸ்ட் மாயர் விளக்கிய கொள்கைக்கு இதனைவிடத் தெளிவான பிரமாணம் கிடைப்பது அரிது. ஆனால் எல்லாப் பாம்புகளும் இப்படி நமக்கு உபகாரம் செய்வதில்லை. ஒரு மலையுச்சியில் உள்ள கேடயவால் பாம்பும் பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள மற்றொரு மலையின் பாம்பும் சந்திக்கும் சந்தர்ப்பமே இல்லையாதலின், சந்தித்தால் கலக்குமா என்ற கேள்விக்கு விடையும் இல்லை. புழுப்பாம்பின் விஷயமோ இன்னும் விபரீதம்: அதில் ஆணென்பதே அறியப்படவில்லை, ஒவ்வொரு பெண்ணும் தன்னந்தனியே தன்னைப்போன்ற பெண்களை ஈனுகிறது, அதன் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளுக்குப் பதிலாக மூன்று தொகுதிகளாக உள்ளன. பூந்தொட்டி மண்ணில் ஒளிந்து கப்பலேறி, ஒரே ஒரு பெண் இறங்கினாலும் போதும் என்ற சௌகரியத்தினால் உலகத்தின் வெப்ப நாடுகள் எங்கும் பரவியுள்ள அந்தப் பாம்பிடத்தில் மாயரின் வரையறை செல்லுபடியாகாது.

இந்த இடத்திலேதான் மரபணு ஆராய்ச்சி வந்து பேருதவி செய்தது. சிறிது கேடும் செய்தது. உதவிக்கு உதாரணம் வேண்டுமானால், பச்சைப் பாம்பின் உறவென்று தோன்றக்கூடிய ஒரு மரப்பாம்பு அகத்தியமலைப் பகுதியிற் கிடைத்து, ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து தனித்துவிட்ட வம்சம் என்று தெரியவந்து, ப்ரோஅஹேதுல்லா என்ற புதிய பேரினமாக 2019இல் பெயரிடப்பட்டதைச் சொல்லலாம். கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பழமையை எந்தச் செதிற் கணக்கும் காட்டியிராது. கேடு என்னவென்றால், தாய்வழியாக மாத்திரம் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் ஒரு துணுக்கை ஐந்தாறு உடல்களிலிருந்து எடுத்து, சதவீத வித்தியாசத்தைக் கண்டவுடனே இனம் இரண்டென்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் சிலருக்கு ஏற்பட்டுவிட்டது. கணினி முறைகள் பிரித்துக்காட்டுபவற்றிற் பல, இனங்களல்ல, ஓரினத்துக்குள்ளேயே உள்ள கூட்டங்கள்தாம் என்று 2017இல் சுகுமாரனும் நோல்ஸும் எச்சரித்ததை இத்துறையினர் மறந்துவிடலாகாது.

ராஜநாகத்தைப் பிரித்தவர்கள் அவ்வாறு அவசரப்படவில்லை என்பதால்தான் அவர்களுடைய முடிவை நான் ஏற்கத்தக்கதென்று கருதுகிறேன். 2021இல் மரபணுச் சான்றை வெளியிட்டு, அதன் பின்னர் காட்சிசாலை உடல்களின் செதில், நிறம், பட்டைகள் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் பெயரிட்டார்கள். அந்தப் பாம்பின் பெயர்ச் சரித்திரமே ஒரு சிறு புராணம். கேன்டர் 1836இல் ஹமத்ரியாஸ் ஹன்னா என்றார். ஹமத்ரியாஸ் என்ற பெயரைப் பட்டாம்பூச்சி ஒன்று முன்னமே எடுத்துக்கொண்டிருந்தது. குந்தர் 1864இல் பாம்புண்ணி என்று பொருள்படும் ஒஃபியோஃபேகஸ் என்ற பேரினப் பெயரைப் படைத்தார். பூலாஞ்சே 1896இல் அதனை நாகங்களோடு சேர்த்து, பங்காரஸ் என்ற இனப்பெயரால் வழங்கினார். மால்கம் ஸ்மித் 1943இல் நாஜா ஹன்னா என்றார். அதன் பின்னரே ஒஃபியோஃபேகஸ் நிலைபெற்றது. இப்போது ஹன்னா என்பது வட இந்தியாவிலிருந்து இந்தோசீனம் வரையில் உள்ளதற்கு உரியது. வழக்கொழிந்து கிடந்த பங்காரஸ் என்ற பெயர் மலேயா, சுமத்திரா முதலிய இடங்களின் பாம்புக்கு மீண்டது. பிலிப்பைன் நாட்டு லூஸான் தீவின் பாம்பு சல்வடானா. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாம்போ, கர்நாடகத்து மக்கள் வழங்கும் பெயராலேயே காளிங்கா. இந்த மலைத்தொடரின் காடுகளுக்கு வெளியே உலகில் வேறெங்கும் இல்லாத ராஜநாகம் அது என்று அறிந்தபின், ஆசியா முழுவதும் பரவிய பாம்பாயிற்றே, இங்கே குறைந்தால் என்ன என்று அமைதியடைய வன இலாகாவினால் இயலாது. பெயர் மாற்றத்தினால் உண்டான லாபம் என்று இதைத்தான் சொல்கிறேன்.

இனி, எனக்கு உடன்பாடில்லாத மூன்றாவது வகை. இனம் என்பது இயற்கையில் உள்ளதொரு பொருள் என்று வாதிக்க இடமுண்டு. பேரினம் என்பதோ, ஒரே மூதாதையின் வழியில் வந்தவற்றை எந்த அளவில் நிறுத்திக் கட்டுவது என்று மனிதர் தம் வசதிக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. பொதுமூதாதை வழிவந்தவையே ஒரு பேரினத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டால், அதனைப் பெரிதாக வைத்துக்கொள்வதும் சிறு சிறு துண்டுகளாக நறுக்குவதும் நறுக்குபவரின் விருப்பம். புழுப்பாம்பு டிஃப்லாப்ஸாக இருந்து, ராம்ஃபோடிஃப்லாப்ஸாகி, 2014இல் இந்தோடிஃப்லாப்ஸ் ஆயிற்று. நம் தண்ணீர்ப் பாம்பு ட்ரோபிடோநோட்டஸ், நேட்ரிக்ஸ், ஜெனோக்ரோஃபிஸ் என்று வேஷங்கள் பல போட்டு இப்போது ஃபௌலியா என்று வந்து நிற்கிறது. இவற்றில் சில மாற்றங்கள் உறவுமுறையைத் திருத்துவதற்கு அவசியமாக இருந்தன, அதை மறுக்கவில்லை. ஆயினும் பேரினப் பெயர் மாறும்போது பாம்பின் முதற்பெயரே மாறிப்போகிறது என்பதையும், அதை ஆள்வோர் ஆராய்ச்சியாளர் மாத்திரமல்லர் என்பதையும் எண்ணிக் கையை அடக்கிக்கொள்ள ஒரு வழி இருக்கத்தான் இருக்கிறது. 2009இல் வாலக், வூஸ்டர், பிராட்லி ஆகிய மூவர் நாகங்களைத் திருத்தியமைத்தபோது, ஆசிய நாகங்கள், ஆப்பிரிக்காவின் விஷம் உமிழும் நாகங்கள் முதலிய பிரிவுகளைத் தனிப் பேரினங்களாக்காமல், நாஜாவுக்குள்ளேயே துணைப் பேரினங்களாக வைத்தார்கள். உறவுமுறை விளங்கிற்று, வைத்தியர்களும் மருந்து செய்வோரும் அறிந்த பெயரும் பிழைத்தது. இந்த விவேகத்தைப் பிறரும் பின்பற்றினால் சலிப்பில் பாதி நீங்கிவிடும்.

அதே உமிழும் நாகங்களுக்கு அதே ஆண்டில் ஆஸ்திரேலியர் ஒருவர் தாமே நடத்தும் பத்திரிகையில் வேறொரு பெயரை வெளியிட்டிருந்தார். இவ்வாறு அவர் உலகத்துப் பாம்புகளுக்குச் சூட்டிய பெயர்கள் நூற்றுக்கணக்கானவை. போதிய ஆதாரமின்றி முந்திக்கொள்வதற்காகவே இடப்பட்டவை என்று பல தேசத்து நிபுணர்கள் 2013இல் அப்பெயர்களைப் புறக்கணிக்கத் தீர்மானித்தார்கள். விவகாரம் ஆணையத்திடம் சென்றது. 2021இல் ஆணையம், உமிழும் நாகங்களுக்கு அவர் இட்ட பெயரின் தகுதியை உறுதிப்படுத்தவும் மறுத்து, ஒழுக்கநெறியைத் தீர்ப்புக்கு அளவுகோலாகக் கொள்ளவும் மறுத்து, ஒதுங்கிக்கொண்டது. முதலில் அச்சிட்டவனுக்கே உரிமை என்ற விதி, நாணயமுள்ளவர்களுக்காக வகுக்கப்பட்டது. நாணயமில்லாதவன் கையில் அது என்னவாகும் என்று அதை வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இவையெல்லாம் பண்டிதர்களுடைய சண்டை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாமைக்குக் காரணம், 2000 முதல் 2019 வரையில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் இந்தியாவிலே பாம்புக்கடியால் மாண்டார்கள் என்ற கணக்கு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் விஷத்துக்கு எதிராகவே நம் மருந்து செய்யப்படுகிறது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி, 1978இல் தோன்றிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. கேரளத்தில் சுருட்டை விரியன் கடித்ததென்று எண்ணி மருந்து கொடுத்தும் பயன்படாதிருந்த சிலரைக் கடித்தது உண்மையில் கூர்மூக்குக் குழிவிரியன் என்று 2007இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று நிரூபித்தது. அந்தப் பாம்புக்கு நம் மருந்து எதிரியன்று. இலங்கையில் மிகுதியாகக் கடிக்கும் அதே குழிவிரியன் கூட்டத்தை 2009இல் மதுவகே முதலியோர் திருத்தியமைத்து மூன்று இனங்களாக வகுத்தார்கள். எது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, எது வீக்கத்தோடு விட்டுவிடுகிறது என்று பிரித்து ஆராய வேண்டியவர்களுக்கு அந்த வகுப்பு இன்றியமையாதது. நாஜா நாஜாவின் விஷம் என்று சொல்லிப் பழைய ஆராய்ச்சிகளில் எழுதப்பட்டவற்றிற் பல, தாய்லாந்து, தைவான் முதலிய நாடுகளின் வேறு இனங்களுடையவை என்று 1996இல் வூஸ்டர் எச்சரித்ததும் இதே விஷயம். விஷம் எடுத்த பாம்பின் உடலை எவரும் பாதுகாத்து வைக்காமையால், அந்த ஆராய்ச்சிகளிற் பலவற்றை இனித் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்த்தது. ஆஸ்பத்திரிகள் இனி ஒவ்வொரு கடியையும் தெரிவிக்க வேண்டும். கடித்த பாம்பைத் துரத்திப் பிடிக்கவோ கொல்லவோ எவரையும் தூண்டலாகாது. ஆனால் நம் ஊரில் அடித்துக் கொன்ற பாம்பைப் பையிலே போட்டுக்கொண்டு நோயாளியுடன் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த உடல் குப்பைக்குத்தான் போகிறது. அதன் படம் ஒன்றும், வாலின் நுனியிலிருந்து ஒரு சிறு துணுக்கும், பிடிபட்ட ஊரின் பெயரும், நோயாளியின் குறிகளும் ஒருசேரப் பாதுகாக்கப்பட்டால், சுருட்டை விரியன் என்றும் நாகம் என்றும் நாம் இன்று ஒற்றைப் பெயரால் சொல்வன எத்தனை என்பதைச் சில ஆண்டுகளில் வகைப்பாட்டாளர்களும் வைத்தியர்களும் சேர்ந்தே அறிந்துகொள்ளலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி செத்த பாம்பின் துணுக்கை வைத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை ஒவ்வொரு முறையும் தனியே மனுப்போட்டுக் கேட்க வேண்டாதபடி, அரசாங்க மருத்துவக் கல்லூரிகள் அனைத்துக்கும் சேர்த்து வன இலாகா ஒரே ஆணையால் வழங்கிவிடலாம்.